சாப்பாட்டுக் கிண்ணத்தில் தொடங்கிய கதை: போர் ஹெல்மெட்டுகளும் அதைச் சேகரிப்பவர்களும்

1914 ஆகஸ்ட். ஐரோப்பாவில் முதல் உலகப்போர் ஆரம்பித்துவிட்டது. பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி, விமானம் என்று புது நூற்றாண்டின் ஆயுதங்கள் எல்லாம் தயார். ஆனால் போருக்குக் கிளம்பிய காலாட்படை வீரனின் தலையில் என்ன இருந்தது தெரியுமா?

துணித் தொப்பி!

பிரெஞ்சு வீரன் சிவப்பு நிற 'கெப்பி' தொப்பி போட்டிருந்தான். பிரிட்டிஷ் வீரனுக்கும் துணித் தொப்பிதான். ஜெர்மன் வீரனின் 'பிக்கல்ஹௌப' பார்க்க மிரட்டலாக இருக்கும், உச்சியில் ஈட்டி முனை வேறு. ஆனால் அது வெறும் தோல். அணிவகுப்புக்கு அழகு, உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கிரேக்கர்களும் ரோமானியர்களும் உலோகக் கவசம் அணிந்து சண்டை போட்டார்கள். அப்படியிருக்க 1914-ல் ஏன் துணித் தொப்பி? காரணம் எளிது. துப்பாக்கி வந்ததும் குண்டைத் தடுக்கும் அளவுக்குக் கவசத்தின் எடையைக் கூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது. 'எப்படியும் குண்டு துளைக்கத்தான் போகிறது, அப்புறம் எதற்கு இந்தச் சுமை' என்று ராணுவங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கவசத்தைக் கைவிட்டன. தொப்பி என்பது எந்தப் படை என்று காட்டும் அடையாளமாக மட்டும் மிஞ்சியது.

அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய வந்தபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செத்துப்போயிருந்தார்கள்.

பதுங்கு குழியும் மேலிருந்து வந்த மரணமும்

1914 கடைசியில் போர் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்துகொண்டார்கள். குழிக்குள் உடம்பு பத்திரமாக இருக்கும், தலை மட்டும்தான் ஆபத்தில் இருக்கும். பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேலே வெடித்துச் சிறு உருண்டைகளையும் இரும்புச் சில்லுகளையும் மழை போல் கொட்டின. அந்தச் சில்லுகள் துப்பாக்கிக் குண்டைப் போல வேகமானவை அல்ல. ஒரு மெல்லிய தகடு இருந்தால்கூடப் பலவற்றைத் தடுத்துவிடலாம். ஆனால் அந்த மெல்லிய தகடும் யாரிடமும் இல்லை.

இங்கேதான் பிரெஞ்சு ராணுவத்தின் தளவாடப் பிரிவு அதிகாரி ஆகஸ்ட்-லூயி அட்ரியன் வருகிறார். அவர் காயமடைந்த ஒரு வீரனைப் பார்க்கப் போனபோது, 'தொப்பிக்குக் கீழே சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதனால்தான் பிழைத்தேன்' என்று அந்த வீரன் சொன்னானாம். இந்தக் கதை எவ்வளவு உண்மையோ, அதற்குப் பிறகு நடந்தது உண்மை. 1915 தொடக்கத்தில் தொப்பிக்கு அடியில் வைக்க ஒரு எஃகு மூடி தயாரானது. சுமார் 7 லட்சம் மூடிகள் செய்யப்பட்டன. வீரர்களில் சிலர் அதைச் சமையலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது தனிக்கதை!

அதே 1915-ல் முழு ஹெல்மெட்டும் வந்தது. அதுதான் 'அட்ரியன்' ஹெல்மெட். தீயணைப்பு வீரர்களின் ஹெல்மெட்டைப் போன்ற வடிவம், முன்னும் பின்னும் விளிம்பு, உச்சியில் நீளவாக்கில் ஒரு மேடு. தகட்டின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குண்டை அது தடுக்காது. ஆனால் சில்லுகளைத் தடுத்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அந்த வருட முடிவுக்குள் 30 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இத்தாலி, பெல்ஜியம், செர்பியா, ருமேனியா என்று பல நாடுகள் அதையே வாங்கிக்கொண்டன. 1915 டிசம்பரில் போர்முனைக்குப் போன வின்ஸ்டன் சர்ச்சில்கூடப் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த அட்ரியன் ஹெல்மெட்டைத்தான் போட்டுக்கொண்டார். அவருடைய சொந்த நாட்டு வீரர்கள் பலருக்கு அப்போது ஹெல்மெட்டே வந்து சேரவில்லை.

ஒரே அழுத்தில் ஒரு ஹெல்மெட்

பிரிட்டன் வேறு வழியில் யோசித்தது. ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் 1915-ல் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கவிழ்த்த சூப் கிண்ணம் மாதிரி இருக்கும். அழகில் மார்க் போட்டால் தேறாது. ஆனால் அதில் ஒரு பெரிய லாபம் இருந்தது. அட்ரியன் ஹெல்மெட்டின் உடல், இரண்டு விளிம்புகள், உச்சி மேடு எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து இணைக்க வேண்டும். பிராடி ஹெல்மெட்டை ஒரே தகட்டிலிருந்து அழுத்தி எடுத்துவிடலாம். வேலை குறைவு, செலவு குறைவு, வேகம் அதிகம். மேலும் ஒரே தகடு என்பதால் கடினமான எஃகையும் பயன்படுத்த முடிந்தது. சர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த, சுமார் 12 சதவீதம் மாங்கனீசு கலந்த எஃகு இதற்குப் பயன்பட்டது. அகன்ற விளிம்பு மேலிருந்து விழும் சில்லுகளுக்குக் குடை மாதிரி. பிடரிதான் பாவம், அதற்குப் பாதுகாப்பில்லை.

ஆரம்பத்தில் ஹெல்மெட்டுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனால் அது வீரனுக்குச் சொந்தமில்லை, பதுங்கு குழிக்குச் சொந்தம்! ஒரு படைப்பிரிவு பின்வாங்கி ஓய்வுக்குப் போகும்போது ஹெல்மெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போகும், அடுத்து வருபவன் எடுத்து மாட்டிக்கொள்வான். 1916 கோடையில்தான் எல்லோருக்கும் கிடைக்கும் நிலை வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 75 லட்சம் தயாராகிவிட்டது. அதில் 15 லட்சம் அமெரிக்க வீரர்களுக்கு.

பிராடி ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். ஹெல்மெட் கொடுத்த பிறகு மருத்துவமனையில் தலைக்காய நோயாளிகளின் எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டதாம். 'ஹெல்மெட்டால்தான் காயம் வருகிறது, நிறுத்திவிடலாமா' என்று அதிகாரிகள் குழம்பினார்களாம். விடை என்ன? முன்பு நேராகக் கல்லறைக்குப் போனவர்கள் இப்போது மருத்துவமனைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள்! கதை நடந்ததோ இல்லையோ, புள்ளிவிவரம் படிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. கணக்கில் வராதவர்கள் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

டாக்டரும் பொறியாளரும் சேர்ந்து செய்தது

ஜெர்மனியில் கதை ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் தொடங்குகிறது. அவர் பெயர் ஆகஸ்ட் பியர். மூளையைப் பாதிக்கும் காயங்களில் பெரும்பாலானவை மிகச் சிறிய சில்லுகளால் வருபவை என்று கவனித்தார். ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் ஃபிரெட்ரிக் ஷ்வெர்ட் அவரோடு சேர்ந்து, தலையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று யோசித்து ஒரு வடிவம் உருவாக்கினார். நெற்றிக்கு முன்விளிம்பு, காதையும் பிடரியையும் மூடும் பக்கச் சரிவு. 1916 தொடக்கத்தில் வெர்டன் போர்முனையில் அது இறங்கியது. எதிரிகள் அதைக் 'கரிச்சட்டி' என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் மூன்றில் அதுதான் சிறந்தது என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதன் இரு பக்கமும் சிறிய கொம்பு மாதிரி இரண்டு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை காற்றோட்டத் துளைகள். கூடவே காவல் நிற்பவர்கள் நெற்றிக்கு மேல் ஒரு கனமான தகட்டை மாட்டிக்கொள்ளும் கொக்கிகளும் அவைதான். அந்தத் தகடு மட்டும் 2 கிலோவுக்கு மேல் எடை. கழுத்து என்னத்துக்கு ஆகும்? பெரும்பாலான வீரர்கள் அதைத் தொடவே இல்லை.

இந்த ஹெல்மெட் 1935-ல் கொஞ்சம் சிறியதானது. 1940-ல் காற்றுத் துளைகளைத் தனியாகப் பொருத்துவதை விட்டுவிட்டு, உடலோடு சேர்த்தே அழுத்தினார்கள். 1942-ல் விளிம்பை உள்பக்கமாக மடிக்கும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். வெட்டிய முனை அப்படியே வெளியே தெரியும். ஒரு நாடு போரில் எப்படித் திணறியது என்பதை அந்த மூன்று விளிம்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். உழைப்பு மிச்சம், இரும்பு மிச்சம், நேரம் மிச்சம்... எதுவும் போதவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து ஆயுதச் சாலைக்கு

அமெரிக்கா போருக்கு வந்தபோது ஹெல்மெட் வடிவமைக்க யாரைக் கூப்பிட்டது தெரியுமா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பழைய கவசங்களைப் பராமரித்துவந்த பாஷ்ஃபோர்டு டீனை! இவர் அடிப்படையில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த விலங்கியலாளர். அதே சமயம் தீவிரமான கவசச் சேகரிப்பாளர். இடைக்கால வீரர்களின் கவசங்களை ஆராய்ந்து பல மாதிரி ஹெல்மெட்டுகளைச் செய்துகாட்டினார். எதையும் ராணுவம் முழு அளவில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு மாதிரி ஜெர்மன் ஹெல்மெட்டைப் போலவே இருந்ததும் ஒரு பிரச்சினை. குழப்பத்தில் சொந்த ஆளையே சுட்டுவிட்டால்? ஆனால் 1920-ல் அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை நூல். 'பழைய இரும்பைச் சேர்த்து வைத்து என்ன பிரயோஜனம்' என்று கேட்பவர்களுக்கு டீன் ஒரு நல்ல பதில்.

1941-ல் அமெரிக்காவின் எம்-1 ஹெல்மெட் வந்தது. அதன் புதுமை, அது ஒன்றல்ல, இரண்டு என்பதுதான். வெளியே எஃகு ஓடு. உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய ஒரு லேசான ஓடு. உள் ஓட்டின் பட்டைகள் அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட்டைப் பார்த்துச் செய்தவை. எஃகு ஓட்டைத் தனியாகக் கழற்றி முகம் கழுவலாம், ஷேவிங் செய்யலாம், தண்ணீர் மொண்டு வரலாம், உட்காரவும் செய்யலாம். இரண்டாம் உலகப்போரில் மட்டும் 2.2 கோடிக்கும் மேல் தயாரானது. கொரியா, வியட்நாம் என்று நாற்பது வருடங்கள் உழைத்தது.

பிறகு இரும்பின் காலம் முடிந்தது. 1965-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபானி குவோலக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த இழை 'கெவ்லர்' ஆனது. அதை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த புதிய அமெரிக்க ஹெல்மெட் 1983-ல் கிரெனடாவில் முதல்முறை போரைப் பார்த்தது. அதன் வடிவம்? காதையும் பிடரியையும் மூடும் அதே பழைய ஜெர்மன் சரிவு! நாஜிகளின் அடையாளம் ஆகிவிட்டது என்பதால் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியே அந்த வடிவத்தை விட்டுவிட்டு எம்-1 பாணிக்கு மாறியிருந்தது. நாற்பது வருடம் கழித்து அதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்க வீரர்களே அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஃப்ரிட்ஸ்'.

தலைப்பாகையும் ஹெல்மெட்டும்

இந்தியாவில் ஹெல்மெட்டின் கதை வேறு ஒரு கேள்வியோடு பின்னிக்கிடக்கிறது. இரண்டு உலகப்போர்களிலும் சீக்கிய வீரர்கள் ஹெல்மெட்டை மறுத்துத் தலைப்பாகையோடுதான் சண்டை போட்டார்கள். உயிரைவிட நம்பிக்கை பெரிது என்று நினைத்தவர்களை எந்த உத்தரவாலும் மாற்ற முடியவில்லை. பிற்காலத்தில் இந்திய ராணுவம் பயன்படுத்திய 'பட்கா' என்ற குண்டு துளைக்காத கவசம் நெற்றியையும் பின்தலையையும் மட்டும் காக்கும். கனம் அதிகம். பிறகு கான்பூரைச் சேர்ந்த எம்.கே.யூ. நிறுவனத்திடம் 1.58 லட்சம் நவீன ஹெல்மெட்டுகள் வாங்க ஒப்பந்தம் போட்டு, 2017 முதல் அவை வர ஆரம்பித்தன. 2023 ஜனவரியில் சீக்கிய வீரர்களுக்காகவே தனி வடிவ ஹெல்மெட் வாங்கும் முயற்சி வெளியே தெரிந்தபோது அகால் தக்த் அதை எதிர்த்தது. ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் அடையாளம். நூறு வருடமாகியும் இந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை.

சேகரிப்பு: இரும்பா, சாட்சியமா?

போர் ஹெல்மெட்டைச் சேகரிப்பது நேற்று வந்த பழக்கமல்ல. முதல் உலகப்போரில் எதிரியின் பிக்கல்ஹௌபவை நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுபோவது ஒரு பெரிய மோகமாகவே இருந்தது. 1919-ல் அமெரிக்க அரசு போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக, கைப்பற்றிய ஆயிரக்கணக்கான ஜெர்மன் ஹெல்மெட்டுகளை நியூயார்க் தெருவில் பிரமிடு மாதிரி அடுக்கி வைத்தது. கடன் பத்திர விளம்பரத்துக்கு எதிரியின் தொப்பி!

இன்றைய சேகரிப்பாளர் ஒரு ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் வெளியே பார்ப்பதில்லை, உள்ளே பார்ப்பார். ஜெர்மன் ஹெல்மெட்டின் உள்விளிம்பில் தொழிற்சாலையின் எழுத்தும் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஈ.டி. 64' என்று இருந்தால் தாலே ஊரில் இருந்த தொழிற்சாலை, அளவு 64. எம்-1 ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கு உள்ளே ஒரு எண் இருக்கும். எந்த உருக்கு வார்ப்பிலிருந்து அந்தத் தகடு வந்தது என்பதைச் சொல்லும் எண் அது. தாடைப் பட்டையை மாட்டும் வளையம் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது ஆரம்பகாலத் தயாரிப்பு, ஆடும்படி இருந்தால் பிற்காலத்தது. விளிம்புத் தகட்டின் இணைப்பு முன்பக்கம் இருக்கிறதா, பின்பக்கம் இருக்கிறதா என்பதும் ஒரு துப்பு. போரின் கடைசிக் கட்டத்தில்தான் அது பின்னால் போனது.

விலை எதில் இருக்கிறது? இரும்பில் இல்லை. அசல் பெயிண்ட், அசல் உள் தோல், தாடைப் பட்டை, சின்னம், உள்ளே யாரோ கிறுக்கிவைத்த ஒரு பெயர்... இவைதான் விலையைப் பல மடங்கு ஏற்றுபவை. விலை ஏறும் இடத்தில் போலியும் வந்துவிடும் அல்லவா? அசல் ஓட்டை எடுத்து அதில் புதுச் சின்னம் ஒட்டுவார்கள். தேநீரில் ஊறவைத்துத் தோலைப் பழசாக்குவார்கள். அமிலம் ஊற்றித் துருவை வரவழைப்பார்கள். சிலர் துளை போட்டு 'குண்டு பாய்ந்த ஹெல்மெட்' என்று விற்பார்கள். உண்மையான குண்டு தகட்டை உள்ளே தள்ளிக் கிழித்துக்கொண்டு போகும். ட்ரில் மெஷின் போட்ட துளை வட்டமாக, சுத்தமாக இருக்கும். ஒருவனின் மரணத்தைப் போலியாகச் செய்து விற்பதைவிட மோசமான வியாபாரம் இருக்க முடியுமா?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பளபளப்பாக்குவது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வரலாறு தரையில் தூளாகக் கொட்டிக் கிடக்கும். துருவை மேலும் பரவாமல் நிறுத்தினால் போதும். ஈரம் படாமல், வெயில் நேராக விழாமல் வைத்தால் போதும்.

இதில் சட்டமும் உண்டு, ஒழுக்கமும் உண்டு. நாஜி சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். நாஜிப் பொருட்களின் ஏலம் தொடர்பாக 2000-ல் பிரான்ஸ் நீதிமன்றம் யாஹூ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அடுத்த வருடமே யாஹூ அத்தகைய பொருட்களின் விற்பனையை நிறுத்தியது. இன்னொன்று, பழைய போர்க்களத்தைத் தோண்டுவது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விவசாயிகள் இன்றும் வருடாவருடம் உழும்போது வெடிக்காத குண்டுகளை எடுக்கிறார்கள். அதற்கு 'இரும்பு அறுவடை' என்றே பெயர். 2014-ல் பெல்ஜியத்தின் இப்ர் நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இருவர் நூறு வருடப் பழைய குண்டு வெடித்து இறந்துபோனார்கள். குண்டு இல்லாவிட்டாலும், மண்ணுக்கு அடியில் ஹெல்மெட் இருக்கும் இடத்தில் பல சமயம் அதைப் போட்டிருந்தவனும் இருக்கிறான். அது சேகரிப்புக் களம் இல்லை, கல்லறை.

சரி, இத்தனை பத்திரப்படுத்துவதால் யாருக்கு என்ன லாபம்? 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் உலகப்போர் ஹெல்மெட்டுகளை மேலிருந்து வரும் வெடி அதிர்வுக்கு எதிராகச் சோதித்தார்கள். இன்றைய நவீன ஹெல்மெட்டையும் பக்கத்தில் வைத்தார்கள். உச்சந்தலையில் அழுத்தத்தைக் குறைப்பதில் முந்தியது எது தெரியுமா? 1915-ன் அட்ரியன்! அதன் உச்சியில் இருக்கும் மேடு அதிர்வைத் திசைதிருப்பியிருக்கலாம் என்கிறார்கள். அலங்காரம் என்று நினைத்த ஒன்று, நூறு வருடம் கழித்துப் பாடம் நடத்துகிறது.

கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள்

1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. அடிபட்டவர் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாட்கள் கழித்து இறந்துபோனார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்த மரணத்தை அவரால் மறக்க முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் கணக்கெடுக்க ஆரம்பித்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் 2,279 பேர். 1941-ல் அவர் எழுதிய கட்டுரை ஹெல்மெட்டின் அவசியத்தை எண்களோடு காட்டியது. அந்த வருடம் நவம்பரிலேயே தபால் கொண்டுபோகும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது.

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி ஹெல்மெட் கட்டாயம் என்று வந்தபோது, 'வேர்க்குது', 'முடி கொட்டுது', 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்று எத்தனை முணுமுணுப்புகள்! பதுங்கு குழி வீரர்களும் ஆரம்பத்தில் கனம் என்று முணுமுணுத்தவர்கள்தான். ஆனால் பக்கத்தில் நின்றவன் விழுந்ததைப் பார்த்த பிறகு யாரும் அதைக் கழற்றவில்லை.

அட்ரியனிடம் பேசிய அந்த வீரனுக்கு நல்ல ஹெல்மெட் கிடைக்கவில்லை, சாப்பாட்டுக் கிண்ணம்தான் கிடைத்தது. அதையும் அவன் தலையில்தான் வைத்துக்கொண்டான். இங்கே நல்ல ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்து ஊர்வலம் போகிறது.